சுவருக்கு அந்தப் பக்கம்

வணக்கம் சார்,

ஓடிடி வந்த பிறகு மலையாளப் படமாகப் பார்த்துத் தள்ளும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. போன மாதக் கட்டுரையில் கே.பி.ஏ.சி. லலிதாவைப் பெரிய நடிகை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அவரைப் பத்துப் பன்னிரண்டு படங்களில் பார்த்திருப்பேன். எல்லாவற்றிலும் அதே அம்மா, அதே அண்டை வீட்டுக்காரி, வாய் ஓயாத பேச்சு. நன்றாக இருக்கிறது, சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் இரண்டு தேசிய விருது வாங்கும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது? உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறேன். இன்னொன்று, கே.பி.ஏ.சி. என்பது இனிஷியலா, பட்டமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். கே.பி.ஏ.சி. ஒரு நாடகக் குழுவின் பெயர்: கேரளா பீப்பிள்ஸ் ஆர்ட்ஸ் கிளப். காயங்குளத்தைச் சேர்ந்த இடதுசாரிக் குழு. 1950களில் கேரளத்தில் கம்யூனிஸ்ட் கட்சி ஊர் ஊராக வேர்விட்டதில் இந்தக் குழுவின் நாடகங்களுக்கும் பாட்டுகளுக்கும் பங்கு உண்டு. லலிதாவின் சொந்தப் பெயர் மகேஸ்வரி அம்மா, 1947-ல் பிறந்தவர். அப்பா போட்டோகிராபர். சிறு வயதிலேயே நடனம் கற்று, மேடையேறி, பிறகு இந்தக் குழுவில் சேர்ந்தார். குழுவின் நாடக ஆசிரியர் தோப்பில் பாசி வைத்த பெயர்தான் லலிதா. சினிமாவில் வேறொரு லலிதா இருந்ததால், அடையாளத்துக்காகக் குழுவின் பெயரும் முன்னால் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் மேடையில் நடித்த வேடத்தின் பெயர் நடிகரோடு சேர்ந்துகொள்வதில்லையா, அந்த மாதிரி.

சினிமாவுக்கு வந்தது 1969-ல், கே.எஸ். சேதுமாதவன் இயக்கிய 'கூட்டுக்குடும்பம்' படத்தில். அதுவும் அவர் மேடையில் நடித்த நாடகம்தான். அங்கிருந்து ஐம்பது வருடத்துக்கு மேல், ஐந்நூற்றுச் சொச்சம் படங்கள். அதில் பாதி மறந்துபோகக்கூடியவை. அதை மறைக்க வேண்டியதில்லை. குணச்சித்திர நடிகைக்குக் கதையைத் தேர்ந்தெடுக்கும் சௌகரியம் கிடைப்பதில்லை. கூப்பிட்டால் போக வேண்டும், போன இடத்தில் இரண்டு காட்சியில் ஆளாக நிற்க வேண்டும்.

வாய் ஓயாத பேச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் 90களின் நகைச்சுவைப் படங்களாக இருக்கும் என்று நினைக்கிறேன். முக்கியமாக நகைச்சுவை நடிகர் இன்னொசென்டோடு அவர் ஜோடியாக வந்தவை. நம் 'சந்திரமுகி'க்கு மூலமான 'மணிச்சித்திரத்தாழ்' படத்தில் உண்ணித்தானின் மனைவி பாசுரா. 'காட்ஃபாதர்' படத்தில் கொச்சம்மிணி. அது பெண் வாசனையே கூடாது என்று கிழவர் சட்டம் போட்டு வைத்திருக்கும் வீடு. அங்கே ஒரு மகன் யாருக்கும் தெரியாமல் கட்டிக்கொண்ட மனைவி அவள். மறுபடி பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். இன்னொசென்ட் தன் ஊரான இரிஞ்ஞாலக்குடா பாணியில் வார்த்தையை இழுத்து இழுத்துப் பேசுவார். வாக்கியம் முடிய இன்னும் ஒரு அசை இருக்கும்போதே லலிதா உள்ளே புகுந்துவிடுவார். ரொம்ப முன்னால் புகுந்தால் அவருடைய சிரிப்பு கெடும், பின்னால் புகுந்தால் இவருடையது கெடும். அப்புறம் கையைப் பாருங்கள். சும்மா நிற்கவே நிற்காது. எதையாவது நறுக்கும், துடைக்கும், தோளில் துணியைச் சரி செய்யும். நம் கண் இவர் மேலே போகாமல் எதிரில் இருப்பவர் மேலேயே நிற்கும்படி அதைச் செய்வார். நமக்கு ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதாகத்தான் தோன்றும், நடிப்பு நடப்பதாகத் தோன்றாது. உங்கள் கேள்வியே அதனால் வந்ததுதானோ என்று ஒரு சந்தேகம்.

பேச்சே இல்லாத லலிதாவையும் பார்த்துவிடுங்கள். அடூர் கோபாலகிருஷ்ணன் 1972-ல் தன் முதல் படமான 'சுயம்வரம்' எடுத்தபோதே இவருக்கு ஒரு வேடம் கொடுத்தார், வயிற்றுப்பாட்டுக்கு உடம்பை விற்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணாக. அடுத்து 1977-ல் 'கொடியேற்றம்'. அதில் பின்னணி இசை கிடையாது. பரத் கோபி, திருவிழா திருவிழாவாகச் சுற்றும், வளர்ந்தும் வளராத ஆள். அவனுக்கு வாழ்க்கைப்பட்டு, வயிற்றில் பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போய்விடும் சாந்தம்மாவாக லலிதா. வசனம் கொஞ்சம்தான். கடைசியில் அவன் ஒருவழியாக மனிதனாகி, அவளுக்குத் துணி வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். அந்தப் பெண் அதை வாங்கும் விதத்தில் அத்தனை வருடக் கோபமும் இருக்கும், அது தீர்ந்துவிட்டதும் இருக்கும். நீங்கள் சொல்லும் அதே அண்டை வீட்டுக்காரிதான், வாயை மூடிக்கொண்டு.

விருதுக் கணக்கு: முதல் தேசிய விருது 'அமரம்' படத்தின் பார்கவிக்கு. கடற்கரையில் மீனவர் குடும்பத்துப் பெண். இயக்கியவர் அவருடைய கணவர் பரதன். நம்மவர்களுக்கு 'தேவர் மகன்' இயக்குநர் என்றால் சட்டென்று விளங்கும். பரதன் 1998-ல் இறந்த பிறகு லலிதா கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தார். 1999-ல் சத்யன் அந்திக்காடின் படம் ஒன்றில் திரும்பி வந்தார். மறு வருடமே 'அலைபாயுதே'வில் மாதவனுக்கு அம்மா. தமிழில் பலருக்கு அந்த முகம் தெரியும், பெயர் தெரியாது. இரண்டாவது தேசிய விருதும் 2000-ம் ஆண்டுக்கானது. ஜெயராஜின் 'சாந்தம்', அரசியல் கொலையின் இரு பக்கமும் நிற்கும் அம்மாக்களின் கதை.

ஆனால் என்னிடம் ஒரே ஒரு படத்தைச் சொல்லச் சொன்னால், அவர் முகமே காட்டாத படத்தைத்தான் சொல்வேன். அடூரின் 'மதிலுகள்'. மலையாள எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீர் தன் சிறைவாசத்தை வைத்து எழுதிய குறுநாவல். மம்முட்டிதான் பஷீர். ஆண்கள் சிறைக்கும் பெண்கள் சிறைக்கும் நடுவே உயரமான சுவர். அந்தப் பக்கம் நாராயணி என்ற ஆயுள் கைதி. தான் வந்திருப்பதைத் தெரிவிக்க ஒரு காய்ந்த குச்சியை மேலே எறிவாள். சுவருக்கு மேல் குச்சி எழுந்து விழும். பிறகு குரல். படம் முழுக்க நாராயணி என்பது அவ்வளவுதான், ஒரு குச்சியும் லலிதாவின் குரலும். ரோஜாச் செடி கேட்கிறாள், கொஞ்சுகிறாள், அழுகிறாள், நான் செத்துப் போனால் நினைத்துக்கொள்வீர்களா என்று கேட்கிறாள். முகம் இல்லை, கை இல்லை, முன்னே சொன்ன நறுக்குவதும் துடைப்பதும் ஒன்றுமே கிடையாது. அந்த வருட தேசிய விருது மம்முட்டிக்குக் கிடைத்தது, தகுதியானதுதான். ஆனால் எதிரே வெறும் செங்கல் சுவரைப் பார்த்துக் காதலிக்கும் ஆளை நாம் நம்புகிறோம் என்றால், அதில் பாதிச் சம்பளம் அந்தக் குரலுக்குச் சேர வேண்டும்.

ரொம்பப் பழகிய குரல், கேட்டதுமே லலிதாவின் முகம் வந்துவிடுகிறது, அதனால் நாராயணி தோன்றவில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். மலையாளிக்கு அது நியாயமான குறையாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை.

பொள்ளாச்சியில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் விருது வாங்கிய மாநில மொழிப் படம் போடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வயதுக்குத் தெரிந்திருக்காது. அதில்தான் 'மதிலுகள்' பார்த்தோம். எங்கள் ஊருக்கு மலையாளம் பெரிய தடை இல்லை. அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அந்தப் பொம்பளை மூஞ்சிய எப்பக் காட்டுவாங்க?" என்றார். கடைசிவரை காட்டவில்லை. சந்திக்கக் குறித்த நாளுக்கு முன்பே அவனை விடுதலை செய்துவிடுகிறார்கள். அம்மாவுக்குக் கோபமான கோபம். இதெல்லாம் ஒரு படமா என்று எழுந்து போனவர், சாயங்காலம் காபி கலக்கும்போது, "அவ அங்க குச்சிய வீசீட்டே இருப்பாளே" என்றார்.

நாலைந்து வருடம் கழித்து கேபிள் வந்தது. ஒருநாள் மலையாளச் சேனலில் ஏதோ நகைச்சுவைப் படம், பெயர் நினைவில்லை. நான் கூடத்தில், அம்மா அடுப்படியில். திடீரென்று ஈரக்கையோடு வெளியே வந்து டிவி முன்னால் நின்றார். திரையில் லலிதா யாரையோ திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்.

"இவளா அது? செயில்ல இருந்தவ?"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் மனசில் வைத்திருந்த நாராயணி வேறு ஆள் போலிருக்கிறது.

"செரி, நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்புடன்,
உங்கள் கட்டுரைக்காரன்