இன்டர்போல் இருந்தும் கடத்தப்பட்ட கோயில் சிலைகளை ஏன் உடனே மீட்க முடிவதில்லை?

உங்கள் ஊர்க் கோயிலில் சிலை களவு போயிருக்கும், புகார் கொடுத்தும் எந்தத் தகவலும் வராத ஆற்றாமையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் காவல் துறையைச் சேர்ந்தவன் அல்லன். எங்கள் ஊரும் இதே பாடு பட்டது என்பதால் எழுதுகிறேன்.

இன்டர்போலுக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் அந்த அமைப்பு, 196 நாடுகளின் காவல் துறைகள் தகவல் பரிமாறிக்கொள்ள வழி செய்கிறது. இந்தியாவில் அதன் தொடர்பு அலுவலகம் சி.பி.ஐ. என்பதால், தஞ்சாவூர்ப் பக்கம் பதிவாகும் வழக்கு டெல்லி வழியாகவே லியோனை அடையும். ரெட் கார்னர் நோட்டீஸ்கூடப் பிடியாணை அன்று. இன்னாரைக் கண்டால் தற்காலிகமாகக் காவலில் வையுங்கள், நாடு கடத்தக் கோருகிறோம் என்ற வேண்டுகோள்தான். அதை எந்த அளவுக்கு ஏற்பது என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் முடிவு செய்யும்.

ஆனால் எங்கள் வழக்கு டெல்லி வரைக்கும்கூடப் போகவில்லை. உற்சவ அம்மன் காணாமல் போனதும், விசாரணைக்கு வந்த ஆய்வாளர் முதலில் கேட்டது புகைப்படத்தைத்தான். கோயில் சொத்துப் பதிவேட்டில் ‘அம்மன் விக்கிரகம் – 1’ என்ற ஒரு வரிக்கு மேல் உயரமோ எடையோ எழுதப்பட்டிருக்கவில்லை. வீடு வீடாகத் தேடியதில் ஒரு கல்யாண ஆல்பத்தில் அம்மன் அகப்பட்டாள். கழுத்து வரை பட்டுப்புடவை, அதன்மேல் மாலைகள், பீடத்தை மறைத்த பூச்சரம் என்று முகம் மட்டுமே தெரிந்த படம். இன்டர்போலின் களவுபோன கலைப்பொருள் தரவுத்தளமோ, ஐயமின்றி அடையாளம் காணத்தக்க பொருள்களை மட்டுமே ஏற்கும். அலங்காரமின்றிச் சுவாமியைப் படம் எடுக்கலாகாது என்ற நம்பிக்கையை நான் பழிக்கவில்லை. பல ஆண்டுகளாகத் தணிக்கைக்கு வந்து, அந்த ஒற்றை வரிக்குக் கீழே கையொப்பம் மட்டும் இட்டுச் சென்றவர்கள்மீதுதான் என் கோபமெல்லாம்.

படம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் சாட்சி. அங்கிருந்து திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்திருந்த படங்களோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே என்பது தெளிந்தது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதை விற்ற நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர், ரெட் கார்னர் நோட்டீஸின் பேரில் 2011 அக்டோபரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிடிபட்டார். அதன்பின்னும் இந்தியாவுக்குக் கொண்டுவர 2012 ஜூலை ஆயிற்று. கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குச் சிலைக் கடத்தல் வழக்கில் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது 2022 நவம்பரில்தான். காவல் துறைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கருத வேண்டாம். இந்தத் தாமதத்தில் பெரும்பகுதி நம் நாட்டிலேயே நேர்ந்தது.

ஆகவே உங்கள் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிப் பாருங்கள். சிலையின் உயரம், பீடத்தின் அமைப்பு, ஒட்டு, விரிசல், உடைந்த விரல் போன்ற அடையாளங்கள் அதில் இல்லையென்றால், வழக்கமாகத் திருமஞ்சனம் செய்யும் குருக்களிடம் கேட்டு எழுதிக் கூடுதல் மனுவாகக் கொடுங்கள். உங்கள் கோயிலின் பழைய படம் ஏதும் உண்டா என்று புதுச்சேரி நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.