சொட்டும் வால்வுக்கு மூடி போடலாமா?

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். மூட்டுவலிக்கு வென்னீர் வேண்டுமென்று பின்கட்டுக் குளியலறையில் 25 லிட்டர் கீசர் ஒன்றைச் சென்ற மாதம் பொருத்தியிருக்கிறார்கள். மறுநாளிலிருந்தே அதன் அடியிலுள்ள வால்விலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லில் வெள்ளைக் கறை படிந்துவிட்டது. வீட்டு வேலைகளைக் கவனித்துக்கொள்ளும் காண்ட்ராக்டரிடம் சொன்னதும், அவர் அனுப்பிய பிளம்பர் சொட்டும் துவாரத்தில் டெஃப்லான் டேப் சுற்றி ஒரு மூடியை முறுக்கிவிட்டுப் போய்விட்டார். சொட்டு நின்றது. ஆனால் சென்னையிலிருக்கும் மகன் இதைக் கேட்டுப் பதறியிருக்கிறார். “இது சரிதானா? பங்காளி வீட்டு மாடியில் சோலார் வென்னீர்த் தொட்டி இருக்கிறது, அதற்கு இப்படியொரு வால்வே கிடையாதே, எங்களுக்கு மட்டும் ஏன்?” என்பது ஆச்சியின் கேள்வி.

ஆச்சி, இதைப் படித்தவுடன் கீசரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அந்த மூடியைக் கழற்றும்வரை அதைப் போடவே வேண்டாம். வென்னீர்க் குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியிலுள்ள தண்ணீர் நன்றாக ஆறிய பிறகு, மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். குளிப்பதற்கு இரண்டு நாள் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக்கொள்வதில் தவறில்லை.

காரணம் மிக எளியது. தண்ணீர் சூடேறினால் பெருக்கும். 30 டிகிரியில் தொட்டிக்குள் போன 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்கு வரும்போது ஏறத்தாழ 300 மில்லி, அதாவது ஒன்றரை டம்ளர் அளவு கூடிவிடுகிறது. வென்னீர்க் குழாய் மூடியிருக்கிறது. குளிர்ந்த நீர் வரும் வழியில், உள்ளே போன தண்ணீர் திரும்பி வராதபடி அதே வால்வுக்குள் ஒரு தடுப்பு இருக்கிறது. அப்படியானால் அந்த ஒன்றரை டம்ளர் எங்கே போகும்? பக்கவாட்டிலுள்ள சிறிய துவாரம் வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேற வேண்டும். அந்தத் துவாரம் அதற்காகவே வைக்கப்பட்டது. நீங்கள் பார்த்த சொட்டு பழுதல்ல, வால்வு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். அதை அடைத்தால் ஒவ்வொரு முறை சூடேறும்போதும் தொட்டியின் பற்றவைப்புகள் வலிந்து இழுக்கப்படுகின்றன. இது சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்யும் நாளின் கதை. தெர்மோஸ்டாட்டும், அது தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்க அதன் பின்னாலிருக்கும் கட்-அவுட்டும் ஒன்றாகச் செயலிழந்தால், அழுத்தத்தின் கீழ் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறிக்கொண்டே போகும். 8 பார் அழுத்தம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ. 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தொட்டியின் அடித்தட்டில் அது ஐந்து டன்னுக்கு மேற்பட்ட பாரம். அந்த நிலையில் தொட்டி கிழிந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி அக்கணமே நீராவியாகிறது. நீராவி தண்ணீரைப் போல் ஏறத்தாழ 1600 மடங்கு இடத்தைக் கேட்கும். கீசர் வெடித்தது என்று செய்திகளில் படிப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஓர் அடைப்பு இருக்கக்கூடும்.

இனி, வால்வு எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். பிளம்பர் வேலை செய்யும்போது நீங்களோ வீட்டில் யாராவதோ பக்கத்தில் நின்று பாருங்கள். கீசரின் அடியில் இரண்டு வாய்கள் இருக்கும். நீல வளையமுள்ளது குளிர்ந்த நீர் உள்ளே போகும் வாய், சிவப்பு வளையமுள்ளது வென்னீர் வெளியே வரும் வாய். வால்வு நீல வாயில்தான் பொருத்தப்பட வேண்டும். அதன் உடம்பில் ஓர் அம்புக்குறி பொறித்திருக்கும், அது தொட்டியை நோக்கி இருக்க வேண்டும். வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவில் பால் வால்வோ ஆங்கிள் காக்கோ எதுவும் வரக்கூடாது. தண்ணீரை நிறுத்த ஒரு காக் வேண்டுமென்றால் அது வால்வுக்கு முன்னால், சுவரிலிருந்து குழாய் வரும் பக்கம் இருக்கலாம். மரைக்குச் சுற்றும் டெஃப்லான் டேப் வால்வின் வாய்க்குள் தொங்கக்கூடாது. அதன் ஒரு சிறு துணுக்கு உள்ளே போய், வால்வு மூடும்போது பதியும் இடமான இருக்கையில் மாட்டிக்கொண்டால் சொட்டு எப்போதும் நிற்காது, புது வால்வு கெட்டது என்று வேறொன்றை உங்கள் தலையில் கட்டுவார்கள்.

துவாரத்துக்கு மூடிக்குப் பதில் ஒரு குழாய் கொடுங்கள். உங்கள் தரைக்குக் கறை படிந்ததும் இதனால்தான்: ஆத்தங்குடிக் கல் கண்ணாடியின் மேல் சிமெண்டும் வண்ணமும் வார்த்துக் கையால் செய்வது, உப்பு கலந்த போர்வெல் தண்ணீர் அதன்மேல் விழுந்து காய்ந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆகவே அந்தச் சொட்டைத் தரையில் விடாமல், வென்னீரைத் தாங்கும் சிபிவிசி குழாயிலோ செம்புக் குழாயிலோ சுவரோரமாகக் கீழே இறக்கி, தண்ணீர் வடியும் ஜாலிக்கு நான்கு விரல் மேலே திறந்த வாயாக நிறுத்தச் சொல்லுங்கள். குழாய் எங்கும் மேல்நோக்கி வளையக்கூடாது, நுனியில் காக் வரக்கூடாது, கழிவுக் குழாய்க்குள் செருகி மூடவும் கூடாது. சொட்டுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த வால்வு குளிர்ந்த நீர்ப் பக்கம் இருப்பதால் வழக்கமான சொட்டு வெதுவெதுப்பாகவே இருக்கும். கைப்பொறுக்காத சூட்டில் வென்னீர் பீறினால் தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது என்று பொருள், உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். கீசர் அணைந்திருக்கும்போதும் இரவெல்லாம் நிற்காமல் ஒழுகினால் வால்வின் இருக்கையில் குப்பையோ உப்போ இருக்கிறது, அல்லது பிரஷர் பம்ப் வைத்த வீடாக இருந்தால் வரும் அழுத்தமே அதிகம். மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரில் அந்தச் சிக்கல் வராது. ஏழு மீட்டர் உயரத்துத் தொட்டி கொடுப்பது 0.7 பார்தான்.

வால்வின் அளவைப் பற்றி ஒன்று. கீசரின் பக்கவாட்டுத் தகட்டில் அது தாங்கும் அழுத்தம் 6.5 பார் என்றோ 8 பார் என்றோ போட்டிருக்கும், சிலவற்றில் 0.65 அல்லது 0.8 மெகா பாஸ்கல் என்றிருக்கும், இரண்டும் ஒன்றே. வால்வு திறக்கும் அழுத்தம் அதற்கு மேல் போகக்கூடாது. 6.5 பார் கீசரில் 8 பார் வால்வைப் பொருத்தினால், தொட்டிக்குக் குறித்த வரம்பைத் தாண்டிய பிறகே வால்வு திறக்கும்.

நான் மிகவும் வருத்தத்தோடு எழுதும் விஷயம் இடைத்தரகர்களைப் பற்றியது. நம் செட்டிநாட்டுப் பகுதியில் வீடுகள் பெரியவை, இருப்பவர்கள் ஒருவர் இருவர், மற்றவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் வீட்டைத் திறக்கும்போது பத்து நாளில் நான்கு குளியலறைக்கும் கீசர் வேண்டும் என்று காண்ட்ராக்டரிடம் மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். பெட்டி எங்கே பிரிக்கப்பட்டது, அதோடு வந்த வால்வு என்ன ஆனது என்று யாரும் பார்ப்பதில்லை. தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுப்பதும் அழுத்தத்தை வெளியேற்றுவதுமாகப் பல வேலை செய்யும் அந்த வால்வைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அரை அங்குலப் பித்தளையில் வெறும் நான்-ரிட்டர்ன் வால்வைப் பொருத்தியிருந்ததை ஒரே வளவில் மூன்று குளியலறைகளில் நானே கழற்றியிருக்கிறேன். இரண்டையும் அடையாளம் காண்பது எளிது: சரியான வால்வுக்குப் பக்கத்தில் சொட்டுவதற்கு ஒரு மூக்கும், மேலே தூக்க ஒரு சிறு பிடியும் இருக்கும். வெறும் நான்-ரிட்டர்ன் வால்வுக்கு மூக்கும் இல்லை, பிடியும் இல்லை. அது போன தண்ணீரைத் திரும்ப விடாது, அவ்வளவே. அழுத்தத்தை வெளியேற்றும் வழியில்லாத நிலையில் அந்தத் தடுப்பு தொட்டியை முழுக்க அடைத்த பாத்திரமாக ஆக்கிவிடுகிறது. சில நூறு ரூபாய் மதிப்புள்ள ஒரு பொருளுக்காக ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் இதைத் தொங்கவிடுகிறார்கள். பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், வால்வைக் கையில் வாங்கிப் பாருங்கள், பிறகு கூலி பேசுங்கள்.

கீசருக்கு ஐ.எஸ். 2082 என்ற தர நிர்ணயம் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்க முடியாது, நட்சத்திரக் குறியீடும் ஒட்டியாக வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடும் பெட்டியோடு முடிந்துவிடுகிறது. அதைச் சுவரில் மாட்டிக் குழாய் கொடுப்பவர் யார், எங்கே கற்றார் என்று கேட்க ஒருவரும் இல்லை. மின்சார இணைப்புக்கு உரிமம் பெற்ற வயர்மேன் கையெழுத்துக் கேட்கும் அரசு, அழுத்தத்தைத் தாங்கும் ஒரு பாத்திரத்தை வீட்டுக்குள் வைப்பவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் கேட்பதில்லை. நான் பிரித்துப் பார்த்த பெட்டிகளில் வால்வைப் பற்றிய எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் எறும்பு எழுத்தில் இருக்கிறது, தமிழில் ஒரு வரி இல்லை. வேலை செய்பவருக்கும் பயன்படுத்தும் ஆச்சிக்கும் தெரியாத மொழியில் எழுதிவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்று எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பங்காளி வீட்டு சோலார் கேள்விக்கு வருகிறேன். இது உண்மையான விலக்கு, ஆனால் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பல வீடுகளில் தொட்டிகள் வீணாகியிருப்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாடியில் கண்ணாடிக் குழல்களோடு இருக்கும் சாதாரண சோலார் தொட்டி அழுத்தம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் உச்சியிலிருந்து ஒரு குழாய் மேலே எழும்பி, வாய் திறந்து நிற்கும். பெருக்கும் தண்ணீரும் ஆவியும் அதன் வழியே போய்விடும், கீழே வென்னீர் எடுக்கும்போது அதே வழியே காற்று உள்ளே வரும். இப்படித் திறந்தே இருப்பதால் அதற்கு வால்வு தேவையில்லை. ஆனால் அந்தக் குழாய், பக்கத்துக் குளிர்நீர்த் தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அதன் வழியே வழிந்துகொண்டே இருக்கும். வழிகிறதே என்று உயரத்தைக் கூட்டாமல் மூடி போடுகிறார்கள். தூசி விழுகிறது என்று துணி கட்டுகிறார்கள். அடைத்த குழாயோடு ஒருவர் கீழே தாராளமாக வென்னீர் திறந்துவிட்டால் காற்று வர வழியின்றித் தொட்டி உள்பக்கமாகச் சப்பிப் போகும். வாயை வளைத்துக் கீழ்நோக்கித் திருப்பி, கொசுவலைத் துண்டு கட்டினால் தூசிக்குப் போதும். மேலும், அந்த சோலார் தண்ணீரைக் கீழே ஒரு கீசருக்குள் செலுத்தி மழைக்காலத்துக்கு வைத்திருந்தால், அந்தக் கீசருக்கும் நான் முன்பு சொன்ன வால்வு கட்டாயம் வேண்டும். மாடியில் வாய் திறந்திருக்கிறது என்பதால் கீழேயுள்ள அடைத்த தொட்டிக்கு விலக்குக் கிடைக்காது. உங்கள் வீட்டுக் கீசர் அடைத்த தொட்டி. அதனால்தான் பங்காளி வீட்டு வழக்கம் உங்களுக்குப் பொருந்தவில்லை.

கடைசியாக, வால்வைப் பொருத்தியபின் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கீசர் அணைந்து ஆறியிருக்கும்போது, அந்தச் சிறு பிடியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் பாய்ந்து, விட்டவுடன் நின்றால் நலம். கானாடுகாத்தானில் எட்டு மாதம் பூட்டியிருந்த ஒரு வீட்டில் நான் பிடியைத் தூக்கியபோது அது அசையவே இல்லை. கழற்றித் தட்டியதும் சுண்ணாம்பு வில்லையாக உதிர்ந்தது, உள்ளேயிருந்த சுருள்கம்பி முழுவதும் வெள்ளைப் பூச்சு, ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையில் நகம் நுழையவில்லை. அப்படிப்பட்ட வால்வைச் சுரண்டிப் பயனில்லை, புதிதாக மாற்ற வேண்டியதுதான். ஆகவே மகன் வீட்டுக்கு நீங்கள் இரண்டு மூன்று மாதம் போவதாக இருந்தால், சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, குளிர்ந்த நீர்க் காக்கை மூடி, வென்னீர்க் குழாயைத் திறந்துவைத்து, பிடியைத் தூக்கித் தொட்டியை வடித்துவிடுங்கள். திரும்பி வந்ததும், வென்னீர்க் குழாயில் காற்றுச் சத்தம் அடங்கித் தண்ணீர் சீராக விழும்வரை ஓடவிட்ட பிறகே சுவிட்சைப் போடுங்கள்.