லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்? – வாகனக் கேள்வி பதில்

என்னிடம் இருப்பது 2017 வேகன் ஆர் ஹைபிரிட். லீற்றருக்கு 33.4 கிலோமீற்றர் ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய்வருகிறேன், 17ஐத் தாண்டுவதில்லை. காரில் ஏதும் பிழையா?
– வாசகி, வெள்ளவத்தை

33.4 என்பது ஜப்பானின் ஜேசி08 சோதனையில் கிடைத்த எண். அந்தச் சோதனை வீதியில் அல்ல, ஆய்வுகூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டி நடப்பது. சராசரி வேகம் மணிக்கு 24.4 கிலோமீற்றர், உச்சம் 81.6, ஏசி நிறுத்தப்பட்டிருக்கும். காலை எட்டு மணிக்குக் காலி வீதியில், ஏசியைப் போட்டுக்கொண்டு, பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கிற காருக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. 17 வந்தால் கார் சுகமாகத்தான் இருக்கிறது.

அதோடு, இது டொயோட்டா அக்குவா போல மோட்டாரிலேயே ஓடுகிற ஹைபிரிட் அல்ல. இதன் மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும் அளவுதான். மிச்சம் பிடிப்பதில் பெரும்பங்கு கலர் லைட்டில் எஞ்சின் தானாக நிற்பதில் இருக்கிறது. உள்ளே சூடு ஏறியதும் ஏசிக்காக எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகிவிடும். வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது ஓரிரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கி வெக்கையை வெளியேற்றுங்கள். பிறகு ஏசியை 25இல் வைத்து, உள்காற்றையே சுழலவிடுங்கள். எஞ்சின் நிற்கும் நேரம் கூடும்.

மீற்றர் காட்டும் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம், பெரும்பாலும் அது கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். ஒரே ஷெட், ஒரே பம்ப், தாங்கியை நிரப்பும்போது பம்ப் முதல் முறை தானாக வெட்டியதும் நிறுத்தச் சொல்லுங்கள். காசை முழுதாக்க இன்னும் கொஞ்சம் அடிப்பார்கள், அதற்கு விடக்கூடாது. டிரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி, அரைத் தாங்கிக்கு மேல் ஓடி, மறுபடி அதே முறையில் நிரப்புங்கள். 340 கிலோமீற்றர் ஓடி 20.6 லீற்றர் பிடித்தால் 16.5. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் காருக்கு வாரம் 20 லீற்றர்தான் என்றிருந்தபோது ஊரே செய்த கணக்குத்தான் இது.

2008 விற்ஸ், ஓட்டோ கியர். முன்பு 13 ஓடியது, இப்போது 10. பிளக், எயார் பில்டர், ஒயில் எல்லாம் மாற்றியாயிற்று, வித்தியாசமே இல்லை. அடுத்து இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவச் சொல்கிறார் கராஜ் பாஸ். கழுவவா?
– வாசகர், தெஹிவளை

பொறுங்கள். பில்டர் மாற்றியும் வித்தியாசம் வராதது சரியே. கணினி இல்லாத காபரேற்றர் காலத்தில்தான் அடைபட்ட பில்டர் பெற்றோலைக் குடித்தது. இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் வருகிற காற்றைக் கணினி அளந்து, அதற்கேற்பத்தான் இன்ஜெக்டர் பெற்றோலைத் தெளிக்கும். அடைபட்டால் இழுவை குறையும், செலவு பெரிதாகக் கூடாது. இப்போது காசு செலவழிக்காமல் பார்க்கக்கூடியவை மூன்று.

முதலாவது ரயர். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் காற்றழுத்தம் எழுதிய ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 230 கேபிஏ என்றிருந்தால் அது 33 பிஎஸ்ஐ. காலையில், ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய ரயர் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் அடுத்த நாள் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று: நாலு ரயரிலும் 10 பிஎஸ்ஐ குறைந்தாலும் இழப்பு இரண்டு வீதத்தை ஒட்டித்தான் வரும். 13ஐப் 10 ஆக்கிய கள்ளன் வேறு ஆள்.

இரண்டாவது பிரேக், என் சந்தேகம் அதன் மேல்தான். கடற்கரையோர வீடுகளின் கார்களில் உப்புக்காற்று பட்டு, பாட்டை டிஸ்க்கில் அழுத்துகிற கலிப்பர் நகர்கிற பின்கள் துருப்பிடித்து இறுகிவிடும். பெடலை விட்ட பிறகும் பாட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். சோதிப்பது சுலபம். நெரிசலில்லாத நேரத்தில் பத்துக் கிலோமீற்றர் ஓடி, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் காரை நிறுத்துங்கள். நாலு சில்லுகளின் நடுவருகேயும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன்சில்லு இரண்டில் ஒன்று மட்டும் அனல் அடித்தால் ஆள் பிடிபட்டான். ஜக் போட்டுத் தூக்கி நியூட்ரலில் கையால் சுழற்றினாலும், ஒரு பக்கம் இறுகி நிற்பது தெரியும். பின்சில்லு சுட்டால் ஹாண்ட் பிரேக் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வைத்தியம்: பின்களைக் கழற்றித் துரு போகச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸ் பூச வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைக்கும், பிறகு அந்தக் கலிப்பர் பின் முன்னையை விடவும் இறுகும். அந்தப் பின் குழிவிழத் தேய்ந்திருந்தால் புதிதாக மாற்றுவதே நல்லது.

மூன்றாவது தேர்மோஸ்டாற், எஞ்சின் உரிய சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் மறிக்கிற வால்வு. எங்கள் ஊர்ச் சூட்டுக்கு இது எதற்கு என்று அந்த வால்வைக் கழற்றி எறிகிற பழக்கம் கராஜ்களில் இன்னும் இருக்கிறது. எஞ்சின் சூடாகாமல் இருப்பது நல்லதென்று படும், ஆனால் உரிய சூட்டுக்கு வராத எஞ்சினுக்குக் கணினி கூடுதல் பெற்றோல் கொடுத்துக்கொண்டே இருக்கும். வேகமான வீதியில் ஓடும்போது இது இன்னும் மோசம், காற்றுப் பட்டு எஞ்சின் ஆறிவிடும். காரின் கணினியை வாசிக்கிற ஸ்கானர் செருகிப் பாருங்கள். கால் மணி நேரம் ஓடிய பின் தண்ணீரின் சூடு 85 பாகைக்கு மேல் நிற்க வேண்டும். 70இல் தொங்கினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. பி0128 என்ற பிழைக் கோட் விழுந்தாலும் சுட்டுவது இந்தப் பக்கம்தான்.

ஸ்கானர் கையிலிருக்கும்போதே நீண்டகால எரிபொருள் திருத்தத்தையும், அதாவது கணினி பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற அளவையும், வாசியுங்கள். கூட்டலிலோ கழித்தலிலோ பத்து வீதத்தைத் தாண்டினால் காற்றுக் கசிவு, அழுக்கான காற்றளவு சென்சர், சோம்பிப்போன ஒக்சிஜன் சென்சர் என்று தேடலாம். இன்ஜெக்டர் அதற்குப் பிறகு.

என் அல்ரோவுக்கு ஒக்டேன் 92 பெற்றோலுக்குப் பதிலாக 95 அடித்தால் கூட ஓடுமா?
– வாசகர், வத்தளை

உங்கள் அல்ரோவுக்கு வேண்டாம். ஜப்பானியத் தரநிலைப்படி சாதாரண பெற்றோலுக்கு வேண்டிய ஒக்டேன் 89தான், அதற்கென்று செய்த எஞ்சினுக்கு 92 தாராளம். மூடியில் 95 என்று எழுதிய ஐரோப்பிய டேர்போ கார் என்றால் கதை வேறு. 92 போட்டால் எஞ்சின் தட்டும், அதைத் தடுக்கக் கணினி தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளும், இழுவையும் போய்ச் செலவும் கூடும்.

பெற்றோல் குழாயில் மாட்டும் காந்தம் 20 வீதம் மிச்சம் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

வாங்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் இப்படியான நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பரிசீலித்திருக்கிறது. குறிப்பிடத்தக்க மிச்சம் தந்ததாக ஒன்றுகூடத் தேறவில்லை.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சம் என்கிறார் அண்ணா. உண்மையா?
– வாசகி, மட்டக்குளி

அண்ணா சொல்வது காபரேற்றர் காருக்குப் பொருந்தியிருக்கும். இன்ஜெக்‌ஷன் காரில் நேர்மாறு. கியரில் வைத்து அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால், சில்லுகளே எஞ்சினைச் சுழற்றும், இன்ஜெக்டர் முற்றாக மூடிக்கொள்ளும். எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,200க்கு இறங்கும்வரை ஒரு துளியும் போகாது. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாமலிருக்கப் பெற்றோல் ஓடிக்கொண்டே இருக்கும். வேகம் முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டியிருப்பதால் பாட் கருகும், பெடல் பிடிக்காமல் போகும்.

சாவியைத் திருப்பி எஞ்சினையே நிறுத்துகிறவர்களும் உண்டு. அது பைத்தியக்காரத்தனம். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகும், ஸ்டியரிங் இறுகும், சாவியை முழுதாகத் திருப்பினால் பூட்டியும்விடும்.

மனுவல் காரென்றால் மூன்றாவது கியர், செங்குத்தான வளைவுகளில் இரண்டாவது. ஓட்டோவில் கியர் லீவரை எஸ் அல்லது எல்லில் வையுங்கள். டொயோட்டா ஹைபிரிட்டில் எஞ்சினால் வேகத்தை அடக்குகிற பி (B, பார்க்கிங் P அல்ல) இருக்கும், ஆனால் அதை எடுத்த எடுப்பில் போட வேண்டாம். டியிலேயே இறங்கி பற்றரியை நிரம்பவிட்டு, நிரம்பிய பிறகு அந்த Bக்கு மாறுங்கள்.