உங்க தாத்தாவைப் பத்தி நினைச்சா முதல்ல ஞாபகம் வர்றது என்ன?

கை. அதுவும் சோப்பு நுரையோட இருக்கிற கை.

எங்க தாத்தா, அப்பாவோட அப்பா, லெட்டர் ப்ரெஸ்ல கம்பாசிட்டர். இப்ப இருக்கிற பசங்களுக்கு அந்த வார்த்தையே தெரியாது, அதனால சொல்லிடுறேன். கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி ஒரு பக்கம் அச்சாகணும்னா ஒவ்வொரு எழுத்தையும், கமா புள்ளி உட்பட, உலோகத்துல வார்த்த குட்டிக் குட்டி அச்சா எடுத்து வரிசையா கோர்க்கணும், வார்த்தைக்கு நடுவுல விடுற இடத்துக்குக்கூட ஒரு துண்டு வைக்கணும், அந்த வேலை செய்யுற ஆள்தான் கம்பாசிட்டர். பதினாலு வயசுல எடுபிடியா உள்ள போனவர், நாப்பது வருஷத்துக்கு மேல நின்னுக்கிட்டே வேலை பார்த்தார். கேஸ்னு சொல்ற அந்த எழுத்துப் பெட்டி முன்னாடி சாய்வா இருக்கும், நின்னாத்தான் கை எல்லா அறைக்கும் எட்டும். அந்தப் பழக்கத்துல வீட்டுலயும் பேப்பரை நின்னுக்கிட்டேதான் படிப்பார், உட்காருங்கன்னு பாட்டி சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிட்டாங்க.

தமிழுக்கு அது லேசுப்பட்ட வேலை இல்ல. கா, கை எல்லாம் ரெண்டு துண்டா வச்சுடலாம், ஆனா கி கீ கு கூன்னு ஒவ்வொரு மெய்க்கும் தனித்தனி உரு இருக்கு இல்லையா, அதுக்கெல்லாம் தனி எழுத்து, தனி அறை. எது எங்க இருக்குன்னு பார்க்காம கை போகணும். எழுத்து கண்ணாடியில தெரியுற மாதிரி திரும்பி இருக்கும், கோர்க்கும்போது தலைகீழாவும் இருக்கும், அப்படியே படிச்சுப் பழகினதால நான் எதிர்ல உட்கார்ந்து பாடப் புத்தகத்தை வச்சுக்கிட்டு தப்பா வாசிச்சா, அந்தப் பக்கத்துல இருந்து தலைகீழா பார்த்தே "அது ர இல்லடா, ற"ம்பார். இதைக் காட்டுறதுக்கே ஃப்ரெண்ட்ஸை வீட்டுக்கு கூட்டிட்டு வருவேன்.

சரி, கைக்கு வர்றேன். சாயங்காலம் சைக்கிள் சத்தம் கேட்டதும் நானும் தங்கச்சியும் ஓடுவோம். அவர் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்குவார், போலீஸ் துப்பாக்கி காட்டின மாதிரி. "தொடாத தொடாத, கழுவிட்டு வந்துடுறேன்." அப்புறம் பின்பக்கம் போய் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு, நகத்து இடுக்கையெல்லாம் ஒரு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, சட்டையையும் மாத்திட்டுத்தான் எங்ககிட்ட வருவார். மெஷின் மையும், எழுத்து கழுவுற மண்ணெண்ணெயும் சேர்ந்த ஒரு வாசனை அப்பவும் போகாது. சின்னப் புள்ளையில எனக்கு இது செம கோபம், மத்தவங்க தாத்தா எல்லாம் வந்ததும் தூக்குறாங்க, இவருக்கு மட்டும் என்ன கேடுன்னு நினைப்பேன்.

காரணம் காலேஜ் போன பிறகுதான் புரிஞ்சுது. அந்த எழுத்துல பெரும்பங்கு ஈயம், அதோட ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்திருக்கும். ஈயம் பெரியவங்களை விட குழந்தைங்க உடம்புல அதிகமா ஏறும், மூளை வளர்ச்சியையே பாதிக்கும். ப்ரெஸ்க்கு வந்த ஒரு டாக்டர் எப்பவோ பேச்சுவாக்கில சொன்னதாம். அதை மனசுல வச்சுக்கிட்டு தினமும், காய்ச்சல்ல இருந்தாலும் கழுவியிருக்கார், எங்ககிட்ட ஒரு வார்த்தை விளக்கம் சொன்னதில்ல.

இதை ஒரு தடவை அப்பாகிட்ட உருகி உருகி சொல்லிட்டு இருந்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "எங்களுக்கெல்லாம் கை கழுவுற கட்டமே வரலடா, அவர் வரும்போது நாங்க தூங்கியிருப்போம்"னார். அந்தக் காலத்துல பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி, அஞ்சு பிள்ளைங்க, ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்த்தாத்தான் எல்லார் ஃபீஸும் கட்ட முடியும். ராத்திரி வந்து படுத்திருக்கிற பிள்ளைங்க தலையை மட்டும் எண்ணுவாராம், வாய்விட்டு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு. அப்பா முழிச்சுக்கிட்டே கண்ணை மூடிக்கிட்டு தன் நம்பர் வர்றதுக்காக காத்திருப்பாராம், அவர் நம்பர் மூணு. எனக்கு கிடைச்ச தாத்தாவுக்கு அப்பா குடுத்த விலை அதுன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது, அதுக்கப்புறம் அவர் முன்னாடி கொஞ்சம் அடக்கித்தான் பேசுறேன்.

லீவு நாள்ல என்னையும் ப்ரெஸ்க்கு கூட்டிட்டுப் போவார், எழுத்துப் பக்கம் விடமாட்டார், ஸ்டூல்ல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணும், அவ்வளவுதான். ஒருநாள் அவர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, எழுத்து கோர்த்து நூல் கட்டி வச்சிருந்த ஒரு முழுப் பக்கத்தை தூக்கிப் பார்த்தேன். என்ன ஆகியிருக்கும்னு நீங்களே ஊகிச்சுக்குங்க. அரை நாள் வேலை தரையில கொட்டிக் கிடக்கு. முதலாளி சத்தம் போட்டார், தாத்தா தன் கை நழுவிடுச்சுன்னு சொன்னார், அந்தப் பக்கத்துக்கு கூலி இல்லன்னு ஆச்சு. ஆஹா எவ்வளவு பெரிய மனசுன்னு கண்ணைத் துடைச்சுக்காதீங்க, அடுத்த ரெண்டு ஞாயித்துக்கிழமை வீட்டுல உட்கார வச்சு ஒரு வார்த்தை விடாம ரெண்டு நோட்டு காப்பி எழுத வச்சார், அதுவும் ஒரு எழுத்து தப்பினா பக்கம் முழுக்க திரும்ப. கை வலிச்சு அழுதேன். "இப்பத் தெரியுதா ஒரு பக்கம்னா என்னன்னு"ன்னார்.

லை, னை, ளை, ணை எல்லாம் முன்னாடி முன்பக்கம் தும்பிக்கை மாதிரி சுழிச்சு எழுதுவாங்க, பழைய புத்தகத்துல பார்த்திருப்பீங்க, ணா றா னாவுக்கும் வேற உரு இருந்தது. பெரியார் அதுக்கு பல வருஷம் முன்னாடியே தன் பத்திரிகையில மாத்தி அச்சடிச்சுட்டார், எம்.ஜி.ஆர். ஆட்சியில 1978ல தமிழ்நாடு அரசு அதை ஏத்துக்கிட்டு ஆணை போட்டது. அந்தப் பழைய உரு எல்லாம் போனதுல தாத்தாவுக்கு சந்தோஷம், அத்தனை அறை மிச்சம். ஆனா கையால எழுதும்போது மட்டும் கடைசி வரைக்கும் தும்பிக்கைதான். அதைப் பார்த்து நானும் ஸ்கூல்ல எழுதி சிவப்பு வட்டம் வாங்கிட்டு வந்து சண்டை போட்டேன். "ப்ரெஸ்ல அரசாங்கத்தோட லை, வீட்டுல எங்க வாத்தியார் சொல்லிக்குடுத்த லை, நீ உங்க வாத்தியார் லையை எழுது"ன்னு முடிச்சுட்டார்.

அப்புறம் கம்ப்யூட்டர்ல பக்கம் அமைக்கிற டி.டி.பி. வந்துச்சு, உலோக எழுத்தே தேவைப்படாத ஆஃப்செட் அச்சு வந்துச்சு, எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டு உருக்க அனுப்பிட்டாங்க. அவர் ஒண்ணும் பெருசா வருத்தப்பட்டுக்கல, நாங்கதான் பட்டோம். அடுத்த மாசமே ஒரு டி.டி.பி. சென்டர்ல ப்ரூஃப் பார்க்க, அதாவது அச்சுக்கு முன்னாடி பிழை திருத்தப் போயிட்டார், எழுபது தாண்டியும் சைக்கிள்லயே போனார். அங்க தொடுறது வெறும் காகிதம், ஆனா வீட்டுக்கு வந்தா அதே சோப்பு, அதே பிரஷ். தங்கச்சி பொண்ணை கடைசியா தூக்கினப்பவும் கழுவிட்டுத்தான் தூக்கினார், அப்ப அவருக்கு எண்பத்தி மூணு, பைப்பை யாராவது திறந்துவிடணும்.

ப்ரூஃப் பார்க்க அவர் சொல்லிக்குடுத்த வித்தை ஒண்ணு: கடைசி வரியில இருந்து மேல மேல படிச்சுட்டுப் போகணும், அப்பத்தான் அர்த்தம் நம்மள இழுத்துட்டுப் போகாது, எழுத்து மட்டும் கண்ணுல படும். இந்தப் பதிலை டைப் பண்ணி முடிச்சதும் அப்படித்தான் படிச்சேன். மூணு இடத்துல ஒற்று விட்டுப் போயிருந்தது, போட்டுட்டேன். நாலாவது எங்கயோ கண்டிப்பா இருக்கு, பார்த்தீங்கன்னா கமென்ட்ல சொல்லுங்க.