மறைப்புச் செடியா, சித்திரையில் இலை நிற்குமா என்று பாருங்கள்

கேள்வி: ஐயா, காரிமங்கலம் பக்கம் தோட்டத்துக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். முன்பு வண்டிப்பாதையாக இருந்தது இப்போது தார் ரோடு ஆகிவிட்டது. துணி துவைக்கும் கல், குளிக்கும் இடம் எல்லாம் போகிற வருகிறவர்கள் கண்ணில் படுகின்றன. 120 அடி நீளத்துக்குச் சுவர் எழுப்ப வசதியில்லை. நர்சரிக்காரர் கோனோகார்பஸ் வைக்கச் சொல்கிறார். என் அண்ணன் கிளுவை போதும் என்கிறார். இரண்டு மாடும் ஆறு வெள்ளாடும் வைத்திருக்கிறோம். கோடையில் போர் அரை மணி நேரம்தான் ஓடும். எதை வைக்கலாம்?

பதில்: அம்மா, உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. வேலிக்குக் கிளுவையைப் போல வராது. போத்து வெட்டி ஊன்றினால் போதும், தண்ணீர் கேட்காது, முள் இருப்பதால் மாடு நுழையாது. ஆனால் உங்களுக்கு வேண்டியது மறைப்பு. கிளுவை வறட்சி வந்தால் இலையை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். சித்திரை வெயிலில் புழுக்கம் தாங்காமல் நீங்கள் வெளியில் வந்து உட்காரும்போது அந்தப் பக்கமும் தெரியும், இந்தப் பக்கமும் தெரியும். கிளைரிசிடியாவும் காட்டாமணக்கும் இதே ரகம்தான். காட்டாமணக்கு விதை விஷம் வேறு; வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்திலேயே வேண்டாம்.

கோனோகார்பஸ் வேகமாக வளரும், வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும், மறுக்கவில்லை. அதன் வேர் குழாய், தொட்டி எதையும் விட்டுவைப்பதில்லை. மகரந்தத்தால் மூச்சுத் தொல்லை வருகிறது என்ற புகாரும் உண்டு. குஜராத்தில் 2023-இல் தடை செய்தார்கள், தமிழ்நாட்டிலும் தடை வந்துவிட்டது. இன்னமும் விற்கிற நர்சரிக்காரரிடம் மற்ற நாற்றையும் கொஞ்சம் யோசித்தே வாங்குங்கள்.

அடுத்து யாராவது அரளியைச் சொல்வார்கள். நெடுஞ்சாலை நடுவில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மாடு கட்டுகிற வீட்டுக்கு அது ஆகாது. கவாத்து செய்து போட்ட இலை காய்ந்தாலும் விஷம் போகாது. தீவனத்தோடு ஒரு கை கலந்துவிட்டால் மாடு போய்விடும். கொடுக்காப்புளி நல்ல செடிதான், ஆனால் வருடத்துக்கு மூன்று முறை வெட்டாவிட்டால் மரமாகிவிடும். உங்கள் ஆறு ஆடுகளும் அதை வளரவே விடாது.

சரி, என் யோசனைக்கு வருகிறேன். இரண்டு வரிசை வையுங்கள். ரோட்டுப் பக்கம் களாக்காய், வீட்டுப் பக்கம் ஆடாதொடை. களா நம் ஊர்க் கரடுகளில் தானாகவே முளைக்கிற முள்செடி. செம்மண்ணும் வறட்சியும் அதற்குப் பழக்கம். இலை கோடையிலும் நிற்கும், காய் ஊறுகாய்க்கு ஆகும். ஒரே குறை, முதல் இரண்டு வருடம் நத்தை வேகம். அந்த இடைவெளியை ஆடாதொடை பார்த்துக்கொள்ளும். ஆடு தொடாத இலை என்று பெயரிலேயே இருக்கிறதே. துளி ஈரம் இருந்தால் பச்சை மாறாமல் ஆள் உயரத்துக்கு வந்துவிடும். சளி, இருமலுக்கு யாராவது இலை பறிக்க வருவார்கள், அது ஒரு தொல்லை.

வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 3 அடி. எதிரெதிரே வைக்காமல், முன்வரிசையின் இரண்டு செடிகளுக்கு நடுவில் பின்வரிசைச் செடி வருகிற மாதிரி நடுங்கள். 120 அடிக்கு வரிசைக்கு 40 வீதம் 80 செடி பிடிக்கும், சாவதற்கென்று பத்து சேர்த்து வாங்குங்கள். நடுவதற்கு முன் அளவுக்கல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து 3 அடி உள்ளே தள்ளிக் குழி எடுங்கள். ரோடு போட்ட ஊரில் நாளைக்கு அதை அகலப்படுத்தவும் செய்வார்கள்.

களாவுக்கு ஒன்றரை அடிக் குழியில் மக்கிய எருவும் மேல்மண்ணும் போட்டு ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி மழை வரைக்கும் பெரிய கவலையில்லை. ஆடாதொடைக்கு விரல் தடிமனில் ஒரு அடிக் குச்சி, இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு தடவை செடிக்கு ஒரு குடம் ஊற்றி, தூரைச் சுற்றிக் காய்ந்த சருகை மூடாக்காகப் போடுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் பலரும் செய்யத் தயங்குகிற வேலை. செடி ஒரு அடி வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். இரண்டு அடியில் மறுபடியும் வெட்ட வேண்டும். உயரமாகட்டும் என்று ஆசைப்பட்டு விட்டுவிட்டால் தலையில் மட்டும் குடை மாதிரி இலை கட்டி, அடியில் பொந்து விழுந்துவிடும். பிறகு எத்தனை உரம் போட்டாலும் அடி நிரம்பாது. வெட்டும்போது அடி அகலமாகவும் மேலே ஒடுங்கியும் இருக்கட்டும். அப்போதுதான் கீழ் இலைக்கு வெயில் படும்.

அதுவரை என்ன செய்வது? செடி வரிசைக்கு உள்பக்கம், ஒரு கோலளவு தள்ளி, துவரையை அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். ஆடியில் போட்டால் கார்த்திகைக்குள் ஆள் உயரம் வந்து நிற்கும், பருப்பும் ஆச்சு. ஆடு மட்டும் அந்தப் பக்கம் போகக்கூடாது. குளிக்கும் இடத்துக்குத் தென்னங்கீற்றுத் தட்டியை இப்போதே கட்டிவிடுங்கள், அதற்கு எந்தச் செடிக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

பாம்பு வருமே என்று வீட்டில் பேச்சு எழும். விறகு, உடைந்த ஓடு, வைக்கோல் இதையெல்லாம் செடி ஓரம் குவித்தால் எலி வரும், எலியைத் தேடித்தான் பாம்பு வரும். துவைக்கும் கல்லுக்கும் செடிக்கும் நடுவில் 3 அடி வெறும் தரையாகப் பெருக்கி வையுங்கள். களா நாற்றுக்கு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால், பழுத்த களாவில் எடுத்த விதையை அன்றைக்கே பையில் போடுங்கள். காயவைத்து எடுத்து வைத்தால் முளைக்காது.