சாம்பியன் அணி எப்படிக் கடைசி இடத்துக்குப் போனது? – கால்பந்து கேள்வி பதில்

கேள்வி: 2018 மார்ச்சில் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்சி, அடுத்த இந்தியன் சூப்பர் லீக் தொடரில் பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது. பயிற்சியாளர் மாறவில்லை; ஆட்டக்காரர்களிலும் பலர் அவர்களேதான். அப்படியிருந்தும் இவ்வளவு பெரிய வீழ்ச்சி எப்படி ஏற்பட்டது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.
– வாசகர், வியாசர்பாடி, சென்னை

பதில்: அந்த 2018-19 தொடரை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கத்தான் செய்கிறது. 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. கையில் மிஞ்சியவை 9 புள்ளிகள். ஒன்பதாம் இடத்தில் இருந்த கேரளா பிளாஸ்டர்ஸ் அணிகூட 15 புள்ளிகள் எடுத்திருந்தது. அந்தக் கேரள அணி தொடர் முழுவதிலும் வென்றவை இரண்டே ஆட்டங்கள். அவற்றில் ஒன்று, கொச்சியில் நம் அணியை 3-0 என்று வீழ்த்திய ஆட்டம்.

காரணத்தைத் தேட வேண்டுமானால், தோற்ற ஆண்டை விட்டுவிட்டு வென்ற ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. 2017-18 லீக் சுற்றில் சென்னையின் எஃப்சி 32 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பிடித்தது. முதலிடத்தில் இருந்த பெங்களூரு எடுத்ததோ 40 புள்ளிகள். 18 ஆட்டங்களில் நம்மவர்கள் போட்டது 24 கோல், வாங்கியது 19. அதாவது, எதிரணிகளை ஊதித் தள்ளிய அணி அல்ல அது. ஒரு கோல் முன்னிலை கிடைத்தால் அதைக் கடைசி விசில்வரை காத்து நிற்கத் தெரிந்த அணி. பெங்களூருவில் நடந்த இறுதியாட்டத்தையே பாருங்கள். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டு அரங்கமே ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தபோது, பிரேசில் நாட்டுத் தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வஸ் இரண்டு கார்னர்களில் இரண்டு முறை தலையால் முட்டிக் கோலாக்கி ஆட்டத்தைத் திருப்பினார். இரண்டாம் பாதியில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட, 3-2 என்று கோப்பை வந்து சேர்ந்தது. மனவலிமைக்கு அது ஓர் அரிய சான்றுதான். ஆனால் அவ்வளவு மெல்லிய வித்தியாசத்தில் வெல்லும் அணி, நடுவில் ஓரிருவரை இழந்தாலும் அதே மெல்லிய வித்தியாசத்தில் தோற்கத் தொடங்கிவிடும் என்பதைக் கழக நிர்வாகம் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இழந்தவர்கள் யார் என்று பார்த்தால், தற்காப்பில் மைல்சனுக்குத் துணையாக நின்ற அணித்தலைவர் ஹென்ரிக் செரெனோ முதலில் வருகிறார். அடுத்த தொடருக்கு அவர் இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு உங்கள் வியாசர்பாடியின் பிள்ளை தனபால் கணேஷ். 2018 அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் கோவாவை 3-0 என்று வென்றபோது ஜெஜே லால்பெக்லுவா போட்ட இரண்டு கோல்களோடு மூன்றாவதைப் போட்டவர் அவர்தான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கோலைக் காட்டிலும் முக்கியமானது, தற்காப்புக்கு முன்னால் நின்று எதிரணியின் பந்தை இடைமறித்து, அவசரப்படாமல் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கும் அவருடைய வேலை. முழங்கால் காயத்தால் 2018-19 தொடரை அவர் வெளியிலிருந்துதான் பார்க்க நேர்ந்தது. அந்தப் பொறுப்பின் பெரும்பகுதி, அப்போது இருபது வயதே ஆகியிருந்த அனிருத் தாபாவின் தோளில் விழுந்தது. தாபா அருமையான ஆட்டக்காரர், ஆனால் அவருடைய இயல்பு முன்னேறிச் சென்று ஆடுவது.

நடுக்களம் திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதை 2018 அக்டோபரில் சென்னை நேரு விளையாட்டரங்கில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியுடன் நடந்த ஆட்டம் காட்டியது. தொய் சிங் இரண்டு கோல் போட, முதல் பாதியிலேயே நம் அணிக்கு மூன்று கோல் கிடைத்துவிட்டது. வேறு எந்த ஆண்டாக இருந்தாலும் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நைஜீரியாவின் ஓக்பெச்சே அதே முதல் பாதியில் மூன்று முறை கோல் போட்டார். தற்காப்புக்கும் நடுக்களத்துக்கும் இடையே ஆளில்லாத இடம் எதிரணிக்குத் தாராளமாகக் கிடைத்தது. முடிவு 3-4. சொந்த மண்ணில் மூன்று கோல் போட்டும் தோற்ற ஓர் அணிக்கு அதன்பின் ஒரு கோல் முன்னிலை கிடைத்தாலும் நம்பிக்கை வராது. முதல் வெற்றிக்கு நவம்பரில் நடந்த புனே ஆட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது; இரண்டாவது வெற்றி பிப்ரவரியில்தான் வந்தது.

முன்வரிசையும் கைகொடுக்கவில்லை. முந்தைய தொடரில் 9 கோல் போட்ட ஜெஜேயின் கால்கள் அந்த ஆண்டு முற்றிலும் தடுமாறின. அந்த பிப்ரவரி வெற்றியில் அவர் ஒரு கோல் போட்டபோது, அரங்கில் இருந்தவர்களுக்கு மகிழ்ச்சியைவிட நிம்மதியே மிகுதியாக இருந்திருக்கும். 2-1 என்று அன்று தோற்ற பெங்களூருதான் அடுத்த மாதம் கோப்பையை வென்றது என்பது அந்த விசித்திரமான ஆண்டுக்குப் பொருத்தமான செய்தி.

கேள்வி: இவ்வளவு தோல்விக்குப் பிறகும் பயிற்சியாளர் ஜான் கிரெகரியை நீக்காதது தவறுதானே?
– வாசகி, திருச்சி

பதில்: தொடரின் நடுவில் நீக்காதது தவறல்ல என்றே நினைக்கிறேன். வெற்றி தந்தவரை முதல் சறுக்கலிலேயே தூக்கியெறியும் வழக்கம் இந்தியக் கால்பந்தில் ஏற்கெனவே மிகுதி. லீக் முடிந்த கையோடு நடந்த சூப்பர் கோப்பையில் அவருடைய அணி அரையிறுதியில் கொல்கத்தாவின் ஏடிகே அணியை வென்று, இறுதியில் கோவாவிடம் 1-2 என்றுதான் தோற்றது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஏஎஃப்சி கோப்பைத் தகுதிச் சுற்றில் கொழும்பு எஃப்சியைத் தாண்டியதும் அதே அணிதான். ஆகவே ஆட்டக்காரர்கள் அவரைக் கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

அடுத்த தொடருக்கும் அவரையே வைத்துக்கொண்டதுதான் கேள்விக்குரியது. 2019-20 தொடரின் முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூடப் போடவில்லை. நவம்பர் இறுதியில் அவர் விலக, ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் கோய்ல் வந்தார். ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு, பந்தை வேகமாக முன்னுக்கு நகர்த்தும் ஆட்டத்தை அவர் கொண்டுவந்தார். லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் அந்தத் தொடரில் 15 கோல் போட்டார். அணி நான்காம் இடம் பிடித்து இறுதிவரை சென்றது.

கேள்வி: சென்னையின் அணி கடைசி இடம் பிடித்த அதே ஆண்டில்தான் எங்கள் ஊரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, மற்றொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில் பட்டம் வென்றது. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லையே?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் வருத்தம் மிகவும் நியாயமானது. 2019 மார்ச் 9 அன்று கடைசிச் சுற்றில் கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபிடம் முதலில் கோல் வாங்கியும் 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முந்திப் பட்டம் வென்றது அந்த அணி. சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸ், 21 கோல் போட்ட பெட்ரோ மான்சி ஆகியோரோடு, எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அந்த வெற்றியில் சமபங்காளிகள்.

அந்த அணியிடம் சூப்பர் லீக் கழகங்களின் பணம் இல்லை. அவர்களிடம் இருந்தது, பந்தைத் தரையோடு தட்டிக் கொடுத்து ஆடும் ஒரே பாணி. அதற்கு ஏற்ற ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்த கவனம். சென்னையின் எஃப்சி கழகம் அந்த ஆண்டு ஜனவரியில் சி. கே. வினீத்தைக் கடனாகவும், ஆஸ்திரேலியாவின் கிறிஸ் ஹெர்டையும் அழைத்து வந்தது. இருவருமே தேர்ந்தவர்கள். ஆனால் தொடர் பாதிக்கு மேல் கடந்த பிறகு ஓட்டைகளை அடைக்க வந்தவர்கள். ஒரு மாநிலத்தின் இரு கழகங்களில் ஒன்று திட்டமிட்டும் மற்றொன்று தேவை வந்த பிறகும் ஆள் சேர்த்தன. புள்ளிப் பட்டியல்கள் அதைத்தான் காட்டின. 2019-இல் எட்வினைச் சென்னையின் எஃப்சி ஒப்பந்தம் செய்தது நல்ல முடிவு. ஓராண்டு முன்னதாகவே உள்ளூர் ஆட்டக்காரர்களை இன்னும் தீவிரமாகத் தேடியிருந்தால், தனபாலின் இடம் அவ்வளவு வெறுமையாகக் கிடந்திருக்காது.

சென்னை சிட்டி சில ஆண்டுகளிலேயே தேசிய லீக்கிலிருந்து மறைந்துபோனது தமிழகக் கால்பந்துக்கு நேர்ந்த பெரிய துயரம். அதற்குத் தனியாகவே ஓர் இதழ் வேண்டும்.

கேள்வி: 2018-19 சூப்பர் லீக்கில் கடைசி இடம் பிடித்தாலும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும் விதி இல்லை. அப்படியானால் பத்தாவது இடத்துக்கும் ஏழாவது இடத்துக்கும் என்னதான் வேறுபாடு இருந்தது?
– வாசகர், மதுரை

பதில்: விதிப்படி அந்த ஆண்டு வேறுபாடு எதுவும் இல்லை, அதுவே குறை. இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ 13 ஆட்டங்களில் தோற்றுக் கடைசியாக வந்த கழகம் கீழ்ப்பிரிவுக்குப் போயிருக்கும். வருமானம் குறைந்து, ஆட்டக்காரர்களை விற்று, மீண்டும் ஏறிவரப் பல ஆண்டுகள் போராடியிருக்கும். அந்த அச்சம் இருந்திருந்தால் ஜனவரியில் செய்த ஆள்சேர்ப்பை அக்டோபரிலேயே செய்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: தரமிறக்கம் இல்லாததால்தான் ஓராண்டுக்குள் அதே கழகம் மீண்டும் இறுதியாட்டம் ஆட முடிந்தது. 2020 மார்ச் 14 அன்று கொரோனா அச்சத்தால் பார்வையாளர்களே இல்லாத கோவா அரங்கில் நடந்த அந்த ஆட்டத்தில் ஏடிகேயிடம் 1-3 என்று தோற்றார்கள். என்னைக் கேட்டால், இரண்டாம் பிரிவு வலுப்பெறும் வரையிலாவது கடைசி இடத்துக்கு வரும் கழகத்துக்குப் பண அளவிலான ஒரு விளைவு இருக்க வேண்டும். அந்தத் தொகையை அதே மாநிலத்தின் இளையோர் லீக்குகளுக்குக் கொடுக்கலாம்.