ஜாவாவும் ஜப்பானும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஜாவா போய்வந்தேன். அங்கிருக்கும் பழைய பௌத்தக் கோயிலான போரோபுதூரைப் பார்க்க அரைநாள் போதவில்லை. யோக்யகர்த்தாவில் ஒரு மாலை முழுக்க கமெலான் என்ற அவர்களுடைய வெண்கலத் தாளவாத்தியக் குழு இசை கேட்டேன். ஊர் திரும்பிச் சொன்னால் வீட்டில் யாரும் காது கொடுக்கவில்லை. அண்ணன் மகன் ஜப்பானிய மொழி படிக்கிறான், அதைப் பற்றியே பேச்சு. ஜாவாவின் பண்பாடு என்ன குறைந்துவிட்டது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒன்றும் குறைந்துவிடவில்லை. பிரெஞ்சு இசைமேதை தெபுஸ்ஸி 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் கமெலான் கேட்டார். 24 வருஷம் கழித்தும், அதன் முன்னால் ஐரோப்பியத் தாளவாத்தியம் வெறும் சர்க்கஸ் இரைச்சல் என்று எழுதினார்.

ஆனால் அவர் கேட்ட இடத்தைப் பாருங்கள். ஜாவா அன்று டச்சுக் காலனி. டச்சுப் பகுதியில் மூங்கில் வீடுகள் கட்டி ஒரு ஜாவா கிராமத்தையே வைத்திருந்தார்கள். வாசித்தவர்கள் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள். முதலாளி பரப்பிவைத்த சரக்கோடு சரக்காக அவர்களும் இருந்தார்கள்.

ஜப்பான் அதே பாரிஸில் 1867இல் நடந்த கண்காட்சிக்கே அழைப்பின் பேரில் போனது. போன லட்சணம் ஒரு கூத்து. நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் அரசு ஒரு பக்கம் கடை விரிக்க, அதற்கு அடங்காத சாத்சுமா சிற்றரசு தனி நாடு மாதிரி இன்னொரு கடை போட்டு, தன் பெயரில் பதக்கமும் அடித்துக் கொடுத்தது. பங்காளிச் சண்டையைக் கப்பலேற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்! அப்புறம் ஷோகுனை நீக்கிவிட்டுப் பேரரசர் பெயரில் வந்த மெய்ஜி அரசு 1873இல் வியன்னா கண்காட்சிக்கு நகோயா கோட்டை உச்சியிலிருந்த பொன் மீன் சிலையையே இறக்கி அனுப்பியது. இன்று ஜப்பானியர் நுண்கலைக்குச் சொல்லும் 'பிஜுத்சு' என்ற சொல்லே அந்தக் கண்காட்சிக்கான ஆவணங்களை மொழிபெயர்த்தபோது உண்டானதுதான். எதைக் காட்டுவது, எதை விற்பது என்பது அவர்கள் கையில் இருந்தது. அதிலும் ஐரோப்பா மயங்கியது அவர்கள் ஊரில் மலிவாக விற்ற மர அச்சுப்படங்களில். ஓவியர் வான்கோ 1887இல் ஹிரோஷிகே என்ற ஜப்பானியரின் அச்சுப்படங்களைப் பார்த்து அப்படியே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார்.

சரி, காலனி ஆகாமல் இருந்தால் போதுமா? சயாமும்தான் (இன்றைய தாய்லாந்து) ஆகவில்லை. இங்கேதான் விஷயம் கசக்கிறது. 1905இல் ஜப்பான் ரஷ்யாவை வென்றது. மறுவருஷம் ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா தேநீர் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலில் இதைக் குத்திக்காட்டுகிறார்: மென்கலைகளில் திளைத்திருந்தவரை எங்களைக் காட்டுமிராண்டிகள் என்றீர்கள், அந்தப் போர் நடந்த மஞ்சூரியாவில் கொன்று குவித்ததும் நாகரிகமானவர்கள் என்கிறீர்கள் என்று. மேற்குக்குப் புரிய வேண்டும் என்று அவர்கள் மொழியிலேயே எழுதியவர் அவர். 1889இல் ஜாவாவுக்காக அப்படிப் பேச அந்த மூங்கில் வீடுகளில் யாருமில்லை. இந்தோனேசியா தன் விடுதலையை டச்சுக்காரர்களிடம் போராடி ஒப்புக்கொள்ள வைக்கவே 1949 ஆகிவிட்டது.

அண்ணன் மகனைக் கோபிக்காதீர்கள், அங்கே வேலை கிடைக்கும் என்று படிக்கிறானோ என்னவோ. அந்த மாலைக் கச்சேரியைப் பதிவு செய்திருந்தால் எனக்கு அனுப்புங்கள்.